அட்டையில் இருக்கும் முகத்துக்குப் பெயர் உண்டா?

ஒரு சஞ்சிகையை வாங்கிப் படிப்பவர்களைவிட, அதன் அட்டையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் எப்போதும் அதிகம். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பேருந்துக்குக் காத்து நிற்கும் ஒருவர், கடை வாசலில் கயிறு கட்டிக் கிளிப் போட்டுத் தொங்கவிட்ட இதழ்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமலே ஏறிப் போய்விடலாம். அதற்காக அவர் எதையும் வாசிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. எந்த நடிகைக்குக் கல்யாணம், எந்த அரசியல்வாதிக்குச் சறுக்கல், எந்த ஊரில் யார் அழுகிறார்கள் என்பதெல்லாம் அதற்குள் அவர் மனதில் ஏறியாயிற்று. காசு கொடுக்காதவரும் படிக்கிற ஒரே பக்கம் அட்டை. அதனால் அதை வெறும் விற்பனைத் தந்திரமாக மட்டும் பார்ப்பது போதாது என்று நினைக்கிறேன். யாரைப் பார்க்க வேண்டும், எந்தக் கோலத்தில் பார்க்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கும் இடம் அது. வன்னியைப் பொறுத்தவரை இது சின்ன விஷயமில்லை. நெடுங்காலமாக இந்த மண்ணின் முகத்தை மற்றவர்கள்தான் தங்கள் அட்டைகளுக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

அட்டைக்கு எவ்வளவு கனம் உண்டு என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. 1987 மார்ச் இறுதியில் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு வந்தது. மேடையில் இருப்பவர்களில் சட்டமன்ற உறுப்பினர் யார், அமைச்சர் யார் என்று ஒருவர் கேட்கிறார். ஜேப்படிக்காரர்போல் தெரிபவர் உறுப்பினர், கொள்ளைக்காரர்போல் தெரிபவர் அமைச்சர் என்று மற்றவர் பதில் சொல்கிறார். இதற்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனையைச் சட்டமன்றத் தலைவர் பி. எச். பாண்டியன் அறிவித்தார். பத்திரிகை உலகம் கொதித்தெழ, சில நாட்களிலேயே விடுதலை வந்தது. பாலசுப்ரமணியன் வழக்குப் போட்டு வென்று, இழப்பீடாகக் கிடைத்த ஆயிரம் ரூபாயைச் சட்டம் போட்டு மாட்டி வைத்தார். இதைவிடக் காரமான அரசியல் துணுக்குகள் விகடனின் உட்பக்கங்களில் வாரந்தோறும் வந்துகொண்டுதான் இருந்தன. அவற்றுக்காகச் சட்டமன்றம் கூடவில்லை. உட்பக்கத்தில் இருந்தால் அது யாரோ ஒரு வாசகர் எழுதியனுப்பிய பகிடி. அட்டையில் ஏறியதும் அது அந்த நிறுவனமே தெருவில் நின்று சொன்ன சொல்லாகிவிட்டது.

இப்படிச் சொல்வதற்கு அட்டைக்கென்று ஓர் இலக்கணம் இருக்கிறது; அதில் பெரும்பகுதியை வகுத்தது கடைக்காரரின் கயிறு. தொங்கும் இதழ்களில் ஒன்று மற்றதை மறைக்கும், கீழ்ப்பாதி பெரும்பாலும் தெரியாது. ஆகவே இதழின் பெயர் மேலே பெரிய எழுத்தில் வரும். முக்கியமான தலைப்பும் அதன் பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளும். தூரத்தில் நிற்பவரின் கண் எதையும் வாசிப்பதற்கு முன் நிறத்தைத்தான் பிடிக்கிறது என்பதால் சிவப்பும் மஞ்சளும் மற்ற நிறங்களை முந்துகின்றன. நிறத்துக்கு அடுத்தது முகம், முகத்திலும் நேரே நம்மைப் பார்க்கும் கண்கள். யாராவது நம்மைப் பார்த்தால் திரும்பிப் பார்க்காமல் இருப்பது மனித இயல்பில் இல்லை. வடிவமைப்பாளருக்கு அது நன்றாகத் தெரியும். சொற்களிலோ தமிழுக்கு ஒரு தனி வசதி வாய்த்திருக்கிறது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால், முடிவைச் சொல்லாமல் பாதியில் நிறுத்துவது வெகு சுலபம். ஒரு வினையெச்சத்தைப் போட்டு மூன்று புள்ளி வைத்தால் போதும். என்ன நடந்தது என்று அறிய இதழைப் பிரித்தாக வேண்டும். கேள்விக்குறிக்கு வேலை வேறு. ஒருவர் இன்ன குற்றம் செய்தார் என்று எழுதினால் ஆதாரம் காட்ட வேண்டும். செய்தாரா என்று கேட்டுவிட்டால் பழி வாசகர் மனதில் தானாக விழும், பொறுப்பு ஆசிரியர் தலையில் விழாது. தமிழ் அட்டைகளில் ஆச்சரியக்குறி மலிந்துவிட்டது என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதைவிட இந்தக் கேள்விக்குறிதான் ஆபத்தானதாகப் படுகிறது.

இந்தக் கலை நமக்கு நேற்று வந்ததில்லை. 1906 இல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழின் முகப்பிலேயே பாரதியார் அரசியல் கேலிச்சித்திரங்களைப் போட்டார். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாதவருக்கும் வெள்ளைக்காரனின் வரி எங்கே போகிறது என்று காட்ட அந்தப் படம் போதுமாக இருந்தது. பிறகு ஓவியர்கள் மாலியும் கோபுலுவும் விகடனுக்குச் சிரிப்பால் ஒரு முகம் கொடுத்தார்கள். 1950 இல் தொடங்கிய பொன்னியின் செல்வன் தொடர்கதைக்கு மணியம் வரைந்த ஓவியங்களைக் கத்தரித்துச் சேர்த்து வைத்த குடும்பங்கள் ஈழத்திலும் உண்டு. வண்ண ஒளிப்படத்தை அச்சிடும் செலவு குறையக் குறைய, ஓவியரின் இடத்தில் நடிகை வந்து அமர்ந்தார். இதைப் பண்பாட்டுச் சீரழிவு என்று வைவது எளிது, எனக்கு அதில் உடன்பாடில்லை. நடிகையின் சிரிப்பு இழுத்துக் கொடுத்த விற்பனைதான் பல நல்ல சிறுகதைகளுக்கும் தொடர்களுக்கும் உட்பக்கத்தில் இடம் பிடித்துக் கொடுத்தது. குறை நடிகையிடம் இல்லை. வாரத்துக்கு வாரம் அதே ஒப்பனை, அதே கோணம், உள்ளே அவரைப் பற்றி நான்கு வரிகூட இல்லாத வெறுமை, அதுதான் குறை. அவர் யார் என்பது அங்கே பொருட்டே இல்லை. கண்ணுக்கு ஒரு கொக்கி தேவை, அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான வழியை யாழ்ப்பாணத்தவர் ஒருவர் நாற்பத்தாறு ஆண்டுகள் விடாமல் காட்டினார். 1966 ஆகஸ்டில் டொமினிக் ஜீவா தொடங்கிய ‘மல்லிகை’, அட்டையில் எழுத்தாளர்களின், கலைஞர்களின், கல்வியாளர்களின் முகங்களைப் போட்டது. தமிழ்நாட்டில் விஜயபாஸ்கரன் நடத்திய ‘சரஸ்வதி’ இதற்கு முன்னோடி. ஜீவாவின் படமே அதன் அட்டையில் வந்திருக்கிறது. மல்லிகையின் அச்சு எளிமையானது. புளொக்கில் எடுத்த ஒரு முகம், பின்னால் ஒரு நிறம், மேலே இதழின் பெயர். ஆனால் அட்டையில் இருப்பவர் யார், என்ன செய்தார், ஏன் அவரை மதிக்க வேண்டும் என்று உள்ளே ஒரு கட்டுரை கட்டாயம் இருக்கும். அந்தக் கட்டுரைகள் பின்னர் ‘அட்டைப்பட ஓவியங்கள்’, ‘மல்லிகை முகங்கள்’ என்ற நூல்களாகவே வெளிவந்தன. ஒரு சஞ்சிகையின் அட்டைகளைத் தொகுத்தால் ஒரு சமூகத்தின் அறிவு வரலாறு கிடைக்கும் என்பதற்கு இவை போதும். சாதி காரணமாக அவமதிக்கப்பட்ட, முடிதிருத்தும் தொழிலைச் செய்துகொண்டே எழுத்தாளரான ஒருவர், யார் மதிக்கத்தக்கவர் என்று தீர்மானிக்கும் உரிமையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார் என்பதையும் இங்கே மறக்கக்கூடாது. பேர்பெற்றவர்களின் முகங்களை மட்டும் அவர் நம்பியிருக்கவில்லை, தன் அட்டையால் பலருக்குப் பேர் வாங்கியும் கொடுத்தார்.

உடனே ஓர் ஆட்சேபம் எழும், அது நியாயமானதும்கூட. மல்லிகை எத்தனை பேர் கையில் போய்ச் சேர்ந்தது? குமுதத்தின் ஒரு வார விற்பனைக்கு அதன் எத்தனை ஆண்டு விற்பனை ஈடாகும்? தவிர, 1970களின் தொடக்கத்தில் சிறிமாவோ அரசு தமிழ்நாட்டு வணிக இதழ்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அந்த நிழலில்தான் ஈழத்துச் சஞ்சிகைகளும் வீரகேசரிப் பிரசுரங்களும் தழைத்தன. இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். அதோடு மூன்றாவது ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: மல்லிகையை விற்றது அதன் அட்டை மட்டுமில்லை, ஜீவாவின் கால்கள். கட்டுக் கட்டாகச் சுமந்து, தெருத் தெருவாக, கூட்டம் கூட்டமாகப் போய்த் தானே விற்றார். ஆனாலும் இந்த ஆட்சேபம் ஒரு கணக்கை விட்டுவிடுகிறது. இறக்குமதிக் கட்டுப்பாடு 1977 க்குப் பின் தளர்ந்தது, பளபளக்கும் அட்டைகள் மீண்டும் கடைகளை நிறைத்தன, போர் வந்தது, ஜீவா கொழும்புக்குக் குடிபெயர்ந்தார். மல்லிகை 2012 வரை நின்றது. கண்ணைப் பறிக்கும் அட்டை ஒரு இதழை விற்றுக் கொடுக்கும். உள்ளே தன் வாக்கைக் காப்பாற்றும் அட்டை அடுத்த இதழுக்கும் ஆளைக் கொண்டுவரும். சிறிய வாசகர் கூட்டத்தை நம்பி வாழும் எந்தச் சஞ்சிகைக்கும் இரண்டாவதுதான் உயிர்.

இனி வன்னிக்கு வருவோம். போர்க்காலத்தில் இங்கே அட்டைகளின் போட்டி என்ற ஒன்றே இருக்கவில்லை. பொருளாதாரத் தடைக்குள் தாளும் மையும் கிடைப்பதே பெரும்பாடு. ‘ஈழநாதம்’ நாளேடும், விடுதலைப் புலிகளின் கலை பண்பாட்டுக் கழகம் வெளியிட்ட ‘வெளிச்சம்’ சஞ்சிகையும் அந்த நெருக்கடிக்குள்ளிருந்தே வெளிவந்தன. ஏ9 வீதி 2002 இல் திறந்தபோது வெளியார் இதழ்கள் தாராளமாக வந்தன. 2006 ஓகஸ்டில் வீதி மூடியதும் மறுபடி நின்றன. இயக்கம் வெளியிட்ட இதழ்களில் அட்டையையும் இயக்கத்தின் பார்வைதான் தீர்மானித்தது. பக்கத்தில் தொங்க மாற்று இதழ் இல்லாத இடத்தில், அட்டை பார்ப்பவரை இழுக்க வேண்டிய அவசியமும் இல்லை, பார்ப்பவருக்கு மறுக்கும் வழியும் இல்லை. அதையும் சொல்லாமல் வெளியாரை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது.

வெளியார் செய்ததற்கு 2009 மே மாதம் ஒரு கசப்பான உதாரணம். வேலுப்பிள்ளை பிரபாகரன் கொல்லப்பட்டதாக இலங்கை அரசு அறிவித்த சில நாட்களுக்குள், அவர் தன் மரணச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துச் சிரிப்பதுபோல் ஒரு படம் சென்னையிலிருந்து வரும் ‘நக்கீரன்’ அட்டையில் வந்தது. அது கணினியில் செய்த ஒட்டுவேலை. அது பரபரப்பாக விற்றது. கடுமையான கண்டனத்துக்கும் உள்ளானது. அந்த அட்டை கடைகளில் தொங்கிய அதே நாட்களில், போர்ப் பகுதியிலிருந்து வெளியேறிய ஏறத்தாழ 3 இலட்சம் பேர் வவுனியா மாவட்டத்தில், பெரும்பாலும் செட்டிகுளம் மெனிக்பாமின் முட்கம்பிக்குள் இருந்தார்கள். அம்மாவைக் காணவில்லை, பிள்ளை எந்த முகாமில் என்று தெரியவில்லை என்று தேடிக்கொண்டிருந்தார்கள். வாசகர்களுக்கு அந்த நேரத்தில் நம்பிக்கை தேவைப்பட்டது, அதைத்தான் இதழ் கொடுத்தது என்று சிலர் வாதிட்டார்கள். யாருடைய நம்பிக்கை? கடல் கடந்து துக்கத்தில் இருந்தவரின் ஏக்கத்துக்கு அது ஒரு மருந்துபோல் இருந்திருக்கலாம். முகாமில் இருந்தவருக்கு அது எதையும் தரவில்லை. அவருக்கு நடந்த அழிவிலிருந்து மற்றவர்களின் கண்ணைத் திருப்பித்தான் விட்டது. படத்தை மாற்றும் இந்தப் பழக்கம் உலகின் பெரிய இதழ்களுக்கும் புதிதில்லை. 1982 பெப்ரவரியில் நேஷனல் ஜியோகிராபிக் தன் செங்குத்தான அட்டைக்குள் அடங்கும்படி கீசாவின் பிரமிட்டுகளைக் கணினியால் நகர்த்தி நெருக்கியது. 1994 ஜூனில் டைம் இதழ், கொலைக் குற்றச்சாட்டுக்கு ஆளான ஓ. ஜே. சிம்ப்சனின் பொலிஸ் படத்தைக் கறுப்பாக்கிப் போட்டது. அதே படத்தை நியூஸ்வீக் மாற்றாமல் போட்டிருந்ததால், இரண்டும் கடையில் அருகருகே தொங்கியபோது களவு பிடிபட்டது. வன்னியைப் பற்றிய அட்டைக்குப் பக்கத்தில் அப்படி ஒப்பிட்டுப் பார்க்க 2009 இல் வன்னியிலிருந்து ஒரு அட்டை இருக்கவில்லை.

ஒட்டுவேலை வெளிப்படையான பொய், அதை எதிர்ப்பது சுலபம். படம் உண்மையாக இருக்கும்போதுதான் கேள்வி சிக்கலாகிறது. நேஷனல் ஜியோகிராபிக்கின் 1985 ஜூன் அட்டையில் வந்த பச்சைக் கண் ஆப்கான் சிறுமியை உலகில் தெரியாதவர் குறைவு. பாகிஸ்தான் அகதி முகாமொன்றில் ஸ்டீவ் மக்கறி எடுத்த அந்தப் படத்தில் எந்த ஒட்டுவேலையும் இல்லை. ஆனால் அந்த முகத்துக்குப் பதினேழு ஆண்டுகள் பெயர் இருக்கவில்லை. 2002 இல் தேடிக் கண்டுபிடித்த பிறகே அவர் சர்பத் குலா என்று உலகம் அறிந்தது. தன் முகம் இவ்வளவு பிரபலம் என்பது அதுவரை அவருக்கே தெரியாது. மல்லிகையின் சாதாரண புளொக் படத்துக்கும் இந்த அற்புதமான ஒளிப்படத்துக்கும் இடையே அழகில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருக்கலாம். ஆனால் மல்லிகையின் அட்டையில் ஒரு மனிதர் இருக்கிறார். மற்றதில் ஒரு போரின் அடையாளம் இருக்கிறது. போருக்குப் பின் வந்த இதழ்களிலும் நூல்களிலும் வன்னிப் பெண் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையில்தான் வருகிறாள்: அழும் தாய், முட்கம்பி, தலையில் கைவைத்த கிழவி. பெயர் இல்லை, ஊர் இல்லை, உள்ளே அவள் சொன்ன ஒரு வரியும் இல்லை.

துயரத்தைக் காட்டாமல் மறைக்கச் சொல்கிறீர்களா என்று கேட்கலாம். இல்லை. துயரத்தை எப்படிக் காட்டுவது என்பதை வன்னித் தாய்மாரே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் கையில் ஏந்தியிருக்கும் படங்களைக் கவனியுங்கள். மகனின் முகம் நேரே நம்மைப் பார்க்கிறது. படத்தோடு பெயரும், காணாமல்போன திகதியும், இடமும் எழுதப்பட்டிருக்கின்றன. எந்த வடிவமைப்புப் பள்ளியிலும் படிக்காத கைகள் செய்த அந்த அட்டையில் பார்க்க வேண்டிய முகமும் இருக்கிறது, கேட்க வேண்டிய கேள்வியும் இருக்கிறது. அதை ஏந்தி நிற்கும் தாயைப் படமெடுக்கும் சஞ்சிகை, தலைப்புக்கு இடம் விடுவதற்காகப் படத்தின் கீழ்ப்பகுதியை வெட்டினால் முதலில் போவது அந்தப் பெயர்தான். மிஞ்சுவது கண்ணீர். எதற்காக அந்தத் தாய் தெருவுக்கு வந்தாளோ அதையே வடிவமைப்பாளரின் கத்தரி எடுத்துவிடுகிறது. பெயரைப் போடுவது சிலருக்கு ஆபத்தாகலாம் என்ற இன்னொரு ஆட்சேபமும் உண்டு, இந்த மண்ணில் அதைத் தட்டிவிட முடியாது. பெயர் சொல்ல விரும்பாதவரின் முகத்தையும் அட்டையில் போடக்கூடாது என்பதுதான் அதற்கு என் பதில். பெயரைப் பாதுகாப்புக்காக மறைத்துவிட்டு முகத்தைக் கடை கடையாகத் தொங்கவிடுவது எந்தப் பாதுகாப்பு?

வெளியாரைப் பற்றி இவ்வளவு சொன்ன பின், நம் கையில் இருப்பதையும் பார்க்க வேண்டும். இன்று வன்னியில் அதிகம் அச்சாகும் அட்டைகள் வணிக இதழ்களுடையவை அல்ல. பாடசாலை மலர்கள், கோவில் கும்பாபிஷேக மலர்கள், பிரதேச கலாசாரப் பேரவைகளின் ஆண்டு மலர்கள், உள்ளூர் எழுத்தாளர்களின் நூல்கள். இவற்றின் அட்டை பலவேளை ஒரே மாதிரி இருக்கிறது. உதிக்கும் சூரியன், திறந்த புத்தகம், குத்துவிளக்கு, ஒரு புறா, மூலையில் சின்னம், பின்னால் ஒன்றில் ஒன்று கரையும் ஏழெட்டு ஒளிப்படங்கள். பத்து விஷயங்களையும் அட்டையிலேயே சொல்லிவிட வேண்டும் என்ற ஆசையில் ஒன்றுமே கண்ணில் நிற்பதில்லை. செலவும் குறைவில்லை. 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் ‘த ஐலண்ட்’, ‘திவயின’ போன்ற நாளேடுகளே சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்த வேண்டி வந்தது. அந்த அடியிலிருந்து அச்சகச் செலவு பழைய நிலைக்கு இறங்கவில்லை. ஒரு சிறு மலரில் விலை கூடிய தாள் அதன் அட்டைதான். நாலு நிறத்தில் பளபளக்கும் ஒட்டுப்படத்துக்குக் கொடுக்கும் காசில், ஒரு நல்ல ஒளிப்படக்காரரை ஒரு நாள் அழைத்து, ஒரு முகத்தை ஒழுங்காக எடுத்து, ஒரே நிறத்தில் அச்சிடலாம். பாடசாலை மலரை யாரும் கடையில் தேடி வாங்கப் போவதில்லை, அட்டையில் என்ன இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. விற்க வேண்டிய கட்டாயம் இல்லாத அட்டைக்குத்தான் முழுச் சுதந்திரம் இருக்கிறது. நடிகை தேவையில்லை, பரபரப்புத் தேவையில்லை, கேள்விக்குறியும் தேவையில்லை.

முகங்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. ‘நிலக்கிளி’ நாவலில் முல்லைத்தீவுக் காட்டையும் மனிதரையும் 1973 இல் எழுதிய பாலமனோகரன், பரந்தன் மண்ணின் குடியேற்ற வாழ்வைக் கதையாக்கிய தாமரைச்செல்வி, பண்டாரவன்னியனை மேடையேற்றிய முள்ளியவளை முல்லைமணி, வவுனியா அகளங்கன் என்று எழுத்தில் மட்டுமே ஒரு வரிசை உண்டு. எழுத்துக்கு வெளியே இன்னும் நீளும். இரணைமடுத் தண்ணீரை நம்பிச் சிறுபோகம் விதைக்கும் கமக்காரர், முல்லைத்தீவுக் கடற்கரையில் கரைவலை இழுப்பவர், முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் பெண். இவர்களில் யாரும் அழுகிற கோலத்தில்தான் அட்டைக்கு வர வேண்டும் என்ற விதி இல்லை. சிரித்தபடிதான் வர வேண்டும் என்றும் இல்லை. சோகத்துக்கு மாற்றாக ‘மீண்டெழுந்த வன்னி’ என்று பச்சை வயலுக்கு நடுவே கைதட்டும் பிள்ளைகளைப் போடுவதும் அதே தவற்றின் மறுபக்கம். அங்கேயும் பிள்ளைக்குப் பெயர் இருப்பதில்லை.

ஆகவே பாடசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் மலர்க் குழுக்களில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் மல்லிகை முதலாகப் பல ஈழத்துச் சஞ்சிகைகளின் அட்டைகள் இலவசமாகக் கிடக்கின்றன. ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி அவற்றைப் பாருங்கள். அடுத்த மலருக்கு உங்கள் ஊரிலிருந்து ஒரே ஒரு முகத்தைத் தேர்ந்தெடுங்கள். அவரிடம் போய்ச் சம்மதம் கேளுங்கள். இன்ன காரணத்துக்காகத்தான் உங்களை அட்டையில் போடுகிறோம் என்று சொல்லுங்கள். அந்தக் காரணத்தையே உள்ளே இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். அவர் பெயரையும், படமெடுத்தவர் பெயரையும் முதல் பக்கத்தில் அச்சிடுங்கள். மலர் வந்ததும், விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தும் முன், முதல் பிரதியை அவர் கையில் கொடுங்கள்.